மேனேஜர் சம்பளம்: கேட்கும் தொகையும் கைக்கு வரும் தொகையும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த கல்வி, வேலை வழிகாட்டி நாளில் ஆற்றிய உரை)



சங்கத் தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பெரியோர்களே, தாய்மார்களே, வாப்பாவின் வற்புறுத்தலுக்காக விடுமுறை நாளில் இந்த மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

இந்த மேடையில் எங்களுக்கு முன்னால் டாக்டர் பேசினார், வழக்கறிஞர் பேசினார். அவரவர் செய்கிற வேலையைப் பற்றி அவரவர் பேசினார்கள். வணிகர்களான எங்களிடம் மட்டும் நாங்கள் செய்யாத ஒரு வேலையைப் பற்றிப் பேசுங்கள் என்று செயற்குழு சொன்னது. புராடக்ட் மேனேஜர் வேலை, அதற்குமேல் போய் அந்த மேனேஜர்களுக்கே மேனேஜராக இருக்கும் வேலை, அதில் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம், எதுவரை உயரலாம் என்பதுதான் தலைப்பு. நாங்கள் காசு மாற்றும் கடைக்காரர்கள். ஆனாலும் ஒப்புக்கொண்டோம். அந்த வேலையை நாங்கள் எதிர்த்தரப்பிலிருந்து நன்றாகப் பார்த்தவர்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். 2018-ல் யூடிரிப் சிங்கப்பூருக்கு வந்தது. அடுத்த ஆண்டு ரெவலூட் வந்தது. அதுவரை ஜூன் பள்ளி விடுமுறை என்றால், ஆண்டிறுதி விடுமுறை என்றால், எங்கள் கடைகளின் முன்னால் வரிசை நிற்கும். கிருமித்தொற்றுக் காலத்தில் எல்லைகள் மூடின. 2022-ல் திறந்தன. பயணிகள் திரும்பி வந்தார்கள், வரிசை பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை. ஆட்கள் பயணம் போகாமல் இல்லை. அட்டையைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கைப்பேசித் திரையில் எந்த நாட்டு நாணயத்தை வைப்பது, விகிதத்தை எப்படிக் காட்டுவது, எங்கே கட்டணம் வாங்குவது, எங்கே வாங்காமல் விடுவது என்பதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசிக்கிறார். அவர் யார் என்று தேடிப் போனபோதுதான் எங்களுக்குப் புராடக்ட் மேனேஜர் என்ற சொல் சரியாகப் பழக்கமானது. இப்போது நம் சங்கத்துப் பிள்ளைகளில் சிலரே அந்த நாற்காலிகளில் இருக்கிறார்கள், மாஷா அல்லாஹ். எங்கள் வாடிக்கையாளரை எடுத்துக்கொண்டு போனது நம் வீட்டுப் பிள்ளை என்றால் கோபப்படவும் முடிவதில்லை.

அந்த வேலையை எளிதாகச் சொல்லிவிடலாம். எங்கள் கடையில் எந்த நோட்டை எவ்வளவு வைத்திருப்பது என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். ஹஜ், உம்ரா காலத்துக்கு முன் ரியால் தேவைப்படும். ஜொகூருக்கு மாலையில் போய் இரவில் திரும்புகிறவருக்கு ரிங்கிட்டில் சில்லறை நோட்டு வேண்டும், நூறு ரிங்கிட் தாளைக் கொடுத்தால் முகம் சுளிப்பார். யார் எதற்காக வருகிறார், எதைக் கேட்கிறார், வாய்விட்டுக் கேட்காமல் எதை எதிர்பார்க்கிறார் என்று கவனித்து, முதலை எங்கே போடுவது, எந்தச் சரக்கை நிறுத்துவது என்று சொல்கிறவர் கடையின் மூளை. அதையே ஒரு செயலிக்கோ, வங்கிச் சேவைக்கோ, ஒரு சோப்புக்கோ செய்கிறவர்தான் புராடக்ட் மேனேஜர்.

சோப்பு என்று சும்மா சொல்லவில்லை. இந்த வேலையின் பிறப்பே சோப்பில்தான். அமெரிக்காவில் புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் நீல் மெக்கல்ராய் என்ற இளைஞர் காமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனியின் ஐவரி சோப்புதான் அவருக்குப் பெரிய போட்டி. ஒவ்வொரு சோப்புக்கும் தனியாக ஒரு ஆள் பொறுப்பேற்று, அது எங்கே விற்கிறது, எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்று 1931 மே 13-ம் தேதி மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். பின்னாளில் அதே கம்பெனிக்குத் தலைவரானார், ஐசனோவர் ஆட்சியில் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சராகவும் ஆனார். அவருடைய யோசனைதான் பல வீடு மாறி, பிற்காலத்தில் கணினிக் கம்பெனிகளுக்கு வந்து சேர்ந்தது.

பெயரில் 'மேனேஜர்' என்று இருப்பதால் நம் வீடுகளில் ஒரு குழப்பம் உண்டு. மகன் புராடக்ட் மேனேஜர் என்றதும், அவனுக்குக் கீழே எத்தனை பேர் என்று மாமாமார்கள் கேட்பார்கள். பெரும்பாலும் ஒருவரும் இல்லை. நிரல் எழுதுகிறவர்கள் வேறொருவருக்குப் பதில் சொல்கிறார்கள், வடிவமைப்பாளர்கள் இன்னொருவருக்கு. இவர் எல்லோரையும் பேசிச் சம்மதிக்க வைத்துத்தான் காரியம் நடத்த வேண்டும். சம்பந்தம் பேசி முடிக்கிற பெரியவரைப் பாருங்கள். இரண்டு வீட்டில் எந்த வீட்டுக்கும் அவர் எசமானர் இல்லை. ஆனால் பேச்சு முறிந்தால் பழி அவர் தலையில்தான் விழும். இந்த வேலையும் அதுதான்.

மேனேஜர் என்ற பட்டத்துக்குச் சட்டத்திலும் ஒரு விலை இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டின் வேலை நியமனச் சட்டம் மேலாளர், நிர்வாகி எல்லோரையும் சம்பள வரம்பு இல்லாமல் உள்ளடக்குகிறது, நல்லது. ஆனால் வேலை நேரம், மிகைநேரச் சம்பளம் பற்றிய பகுதி அவர்களுக்கு இல்லை. இரவு பதினொரு மணிக்கு மகள் அறைக்குள் யாருடனோ ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாகக் காசு வருவதில்லை என்பதை உம்மாமார்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அசோசியேட், புராடக்ட் மேனேஜர், சீனியர் புராடக்ட் மேனேஜர் என்று மேலே போகும். பொதுவாக எட்டுப் பத்து ஆண்டில் வழி இரண்டாகப் பிரியும். ஒரு கிளையில், ஆள் நிர்வாகம் இல்லாமல், கடினமான பொருள்களைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு பிரின்சிபல் என்ற நிலைக்குப் போகலாம். மறு கிளையில் குரூப் புராடக்ட் மேனேஜர், டைரக்டர், ஹெட் ஆஃப் புராடக்ட் என்று போகலாம். இந்த இரண்டாவது கிளைதான் மேனேஜர்களுக்கு மேனேஜர்.

அங்கே போனவர்களிடம் நாங்கள் பேசிப் பார்த்தோம். ஒருவர் சொன்னது மனத்தில் நிற்கிறது: "கடைசியாக எப்போது வாடிக்கையாளரிடம் நேரே பேசினேன் என்றே ஞாபகம் இல்லை." அவருடைய நாள் முழுவதும் ஆட்களோடுதான் போகிறது. யாரை எடுப்பது, யாரை வளர்ப்பது, இரண்டு மேனேஜர்கள் ஒரே பொறியாளர் குழுவுக்காகச் சண்டை போட்டால் யாருக்குக் கொடுப்பது, காலாண்டுக் கணக்கு குறைந்தால் மேலிடத்தில் யார் போய் நிற்பது. ஆட்குறைப்பு என்றால் பட்டியல் போடுகிறவரும் அவரே, அந்த அறைக்குள் கூப்பிட்டுச் சொல்கிறவரும் அவரே. சிலருக்கு இது இயல்பாக வரும். கடையில் பத்துப் பேரை வைத்து மேய்த்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாக வரும். சிலருக்கு வராது. பல பெரிய கம்பெனிகளில் ஒரே தரத்தில் இரண்டு கிளைக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம்தான். அப்படியிருக்க, கல்யாணப் பத்திரிகையில் 'டைரக்டர்' என்று போட வேண்டும் என்பதற்காகப் பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளாதீர்கள். பட்டங்களின் சங்கதியும் இடத்துக்கு இடம் வேறு. வங்கியில் வைஸ் பிரசிடென்ட் என்றால் துணை அதிபர் என்று ஊரிலிருந்து கேட்பவர்கள் மலைத்துப்போகிறார்கள். ஒரே தளத்தில் வைஸ் பிரசிடென்டுகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்பது இங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். எல்லோரும் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள்.

முதலில் நம் பிள்ளைகள் எங்கே தொடங்குகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 2024-ல் படித்து வெளிவந்தவர்களில், முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்த பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களின் இடைநிலைத் தொடக்கச் சம்பளம் 2,900 வெள்ளி. பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு 4,500 வெள்ளி. புராடக்ட் மேனேஜர் வேலை பெரும்பாலும் முதல் வேலையாகக் கிடைப்பதில்லை, இரண்டாவது அல்லது மூன்றாவது வேலையாகத்தான் கிடைக்கும். அங்கே போய்ச் சில ஆண்டு நின்றால் ஏழாயிரம், எட்டாயிரம் என்று போய், சீனியர் நிலையில் பலர் ஐந்திலக்கத்தைத் தொடுகிறார்கள். மேனேஜர்களுக்கு மேனேஜர் என்றால், பெரிய கம்பெனிகளில் பன்னிரண்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை பேச்சு நடக்கிறது. சிறிய கம்பெனியில் அதே பட்டத்துக்குப் பாதிதான் இருக்கலாம்.

ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தி வீட்டில் சொல்லிவிடக் கூடாது. கல்லாவில் இருப்பது வேறு, கணக்கில் இருப்பது வேறு என்று நம் பெரியவர்கள் கடையில் சொல்லிக் கொடுத்தார்கள் அல்லவா? அந்தக் கண்ணோடு ஒரு வேலைக் கடிதத்தைப் பார்ப்போம்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆறு புராடக்ட் மேனேஜர்களை நிர்வகிக்க ஒருவரை எடுக்கிறார்கள். வயது நாற்பதுக்குள். அடிப்படைச் சம்பளம் மாதம் 13,000 வெள்ளி. போனஸ் இலக்கு ஆண்டுச் சம்பளத்தில் 15 விழுக்காடு. அதோடு கம்பெனிப் பங்குகள் 160,000 வெள்ளிக்கு, நான்கு ஆண்டுகளில் பிரித்துத் தருவார்கள். இப்போது கூட்டுங்கள். ஆண்டுக்கு அடிப்படை 156,000. போனஸ் 23,400. பங்கு 40,000. ஆக 219,400 வெள்ளி. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 18,283. வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிக்காரர் இந்த எண்ணைத்தான் சொல்வார். பிள்ளை வீட்டில் வந்து சொல்வதும் இதுதான். ஜும்ஆ முடிந்து வெளியே வருவதற்குள் அது இருபதாயிரம் ஆகியிருக்கும்.

கைக்கு வருவது என்ன? 2026 ஜனவரி முதல் மத்திய சேம நிதிக்குக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 8,000 வெள்ளி. அதில் ஊழியரின் 20 விழுக்காடு 1,600 வெள்ளி போகும். மீதி 11,400. அடுத்தது வருமான வரி. வரி அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் இல்லை. போனசுக்கும் உண்டு, கைக்கு வந்த பங்குக்கும் உண்டு, பங்கை விற்காமல் வைத்திருந்தாலும் உண்டு. வழக்கமான கழிவுகள் போக ஆண்டுக்கு இருபதாயிரம் வெள்ளியை ஒட்டி வரும். மாதத் தவணையில் கட்டினால் சுமார் 1,700. ஆக, மாதா மாதம் உறுதியாகக் கையில் நிற்பது ஏறக்குறைய 9,700 வெள்ளி. காதில் விழுந்தது பதினெட்டாயிரம், அரிசி பருப்புக்கும் வீட்டுத் தவணைக்கும் நிற்பது அதில் பாதியை விடச் சற்று அதிகம்.

9,700 வெள்ளி சிறிய தொகை என்று நாங்கள் சொல்லவில்லை. நம் வீடுகளில் பலருக்கு அது கனவு. ஆனால் 18,000 என்று நினைத்துத் திட்டமிட்ட வீட்டை அந்தத் தொகையை வைத்து நடத்த முடியாது.

இரண்டு சங்கதிகளை இங்கே கவனிக்க வேண்டும். நம் நாட்டில் இந்த ஆண்டு சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டுதான் வரி. சம்பளம் திடீரென்று உயர்ந்த முதல் ஆண்டில் பழைய குறைந்த சம்பளத்துக்கான வரிதான் வரும். கை நிறைய இருப்பதுபோல் தோன்றும். அந்த ஆண்டில்தான் பலர் காரைப் பார்க்கப் போகிறார்கள். இன்னொன்று சேம நிதி. மாதம் 5,000 சம்பாதிப்பவருக்கு முதலாளி பங்கும் சேர்த்து 37 விழுக்காடு சேமிப்பில் போய் விழுகிறது. 13,000 வாங்குபவருக்கு உச்சவரம்பு காரணமாக 2,960 வெள்ளிதான், அதாவது 23 விழுக்காட்டுக்கும் குறைவு. மேலே போகப் போக அரசாங்கம் நமக்காகச் சேர்த்து வைப்பது விகிதத்தில் குறைகிறது. மீதியைத் தானாகச் சேர்க்கும் பழக்கம் இல்லாவிட்டால் ஓய்வுக்காலத்துக்கு என்ன மிஞ்சும்?

வீட்டுக் கடன் கேட்டுப் போனவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, போனஸ் போன்ற மாறும் வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் வங்கி கணக்கில் எடுக்க வேண்டும். பணத்தையே தொழிலாக வைத்திருக்கிறவன் நூறை எழுபதாக எண்ணுகிறான். சம்பந்தம் பேசுகிற நாம் நூறை நூற்றிருபதாக எண்ணுகிறோம்.

பங்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் நம் குடும்பங்களுக்கு அனுபவம் குறைவு. பங்கு கொடுத்தார்கள் என்றால் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று பொருளில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் முதல் ஓராண்டு முடிந்தால்தான் முதல் பகுதி கிடைக்கும். பதினோராவது மாதம் வேலை போனால் ஒன்றும் கிடையாது. கிடைத்த பிறகும் அதன் விலை சந்தையின் கையில் இருக்கிறது. கிராப் 2021 டிசம்பரில் அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் நாளிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு விலை இறங்கியது. ஷாப்பியின் தாய்க் கம்பெனியான சீ நிறுவனத்தின் பங்கு 2021 அக்டோபரில் 350 அமெரிக்க டாலருக்கு மேலே இருந்தது. ஓராண்டு கழித்து 2022 நவம்பரில் 50 டாலருக்குக் கீழே நின்றது. கம்பெனி மூழ்கவில்லை, வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 350-ல் கணக்குப் போட்டுச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பங்கை அதிகம் வாங்கியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். இன்னும் பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்கு உரிமை என்றால், அதை விற்க ஒரு சந்தையே இருக்காது. நாணய விகிதம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பார்த்துப் பழகிய எங்களுக்கு இது புதிதில்லை. வாங்காத நோட்டை வைத்து நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

அடுத்தது இந்த வேலையின் எதிர்காலம். நம் வீடுகளில் வேலையில் உயர்வு என்றால் மாடிப்படி போன்ற ஒரு கற்பனை இருக்கிறது. ஏறினால் இறங்கக் கூடாது. அரசாங்க வேலையில், ஆசிரியர் வேலையில் அது பொருந்தலாம். இந்தத் தொழிலில் பொருந்தாது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரை நீக்கியது. 2023 மார்ச்சில் மேலும் 10,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தபோது, நடுவில் உள்ள அடுக்குகளைக் குறைக்கப் போகிறோம், மேனேஜர்கள் பலர் ஆள் நிர்வாகத்தை விட்டுத் தனி ஊழியராகத் திரும்ப வேண்டும் என்றும் வெளிப்படையாகவே சொன்னது. அதே ஆண்டு ஜூனில் கிராப் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைத்தது. கம்பெனிக்கு மூச்சு முட்டும்போது, நிரல் எழுதும் கையும் வேண்டும், வாடிக்கையாளரைப் பார்க்கும் கண்ணும் வேண்டும், நடுவில் கூட்டம் நடத்துகிறவர் எதற்கு என்ற கேள்விதான் முதலில் வருகிறது. நியாயமோ இல்லையோ, அப்படித்தான் நடக்கிறது.

அப்படி நடந்தால் என்ன கிடைக்கும்? ஆட்குறைப்பு இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு, ஓராண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம் என்று மனிதவள அமைச்சின் முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு சொல்கிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தருகிறது. ஆனால் அதற்கு முன் சராசரியாக மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் சம்பாதித்தவருக்கு அது இல்லை. மேனேஜர்களுக்கு மேனேஜராக இருந்தவர் தன் சேமிப்பை நம்பித்தான் நிற்க வேண்டும். அந்தத் தரத்தில் திரும்ப வேலை கிடைக்க ஆறு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். பத்து மேனேஜர் வேலை காலியாகும் இடத்தில் அவர்களை நிர்வகிக்கும் வேலை ஒன்றுதானே காலியாகும்?

நம் வட்டத்தில் ஒரு குடும்பம். ஊர், பெயர் வேண்டாம். மகன் எட்டு மேனேஜர்களுக்கு மேனேஜராக இருந்தார். மாதம் 14,000 வெள்ளி, பங்கு தனி. ஒரு நாள் காலை பத்து மணிக்கு வேலை போய்விட்டது. அப்போது அவர் தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று வாப்பா, "மகன் நீண்ட விடுப்பில் இருக்கிறான்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மகன் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தார். வீட்டுத் தவணை, காரின் தவணை, கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. கையிலிருந்த பங்குகளை விலை இறங்கியிருந்த நேரத்தில் விற்றார்கள். இப்படியே ஏழு மாதம் போனது.

அந்த ஏழு மாதத்தில், நம் சங்கத்தில் மட்டும் அதே துறையில் இருந்த மூன்று பேருக்கு அவர் வேலை தேடுவது தெரியாது. கடைசியில் அவர் மனைவி பொறுக்க முடியாமல் ஒரு லாத்தாவிடம் சொல்லி, லாத்தா தன் மருமகனிடம் சொல்லி, அந்த மருமகன் தன் கம்பெனியில் ஓர் இடம் இருப்பதாகக் கூப்பிட்டார். அது ஆள் நிர்வாகம் இல்லாத சாதாரண சீனியர் வேலை. 10,500 வெள்ளி. வாப்பாவுக்கு அது இறக்கமாகப் பட்டது, போகாதே என்றார். மகன் போனார், அல்ஹம்துலில்லாஹ். இன்றும் அங்கேதான் இருக்கிறார். மறுபடி வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசுவது அவருக்குப் பிடித்திருக்கிறதாம். தங்கையின் நிக்காஹும் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு உண்மை ஆரம்பத்திலேயே தெரியுமாம். அவர்கள் வீட்டிலும் அதே ஆண்டில் ஒருவருக்கு வேலை போயிருந்தது. அவர்களும் வெளியே சொல்லவில்லை.

இதைச் சொல்ல அந்தக் குடும்பத்திடம் அனுமதி வாங்கியிருக்கிறோம். வாப்பாவே, "சொல்லுங்கள்" என்றார்.

கடையில் ஒரு வருடம் நட்டம் வந்தால் நம்மவர்கள் ஒளிப்பதில்லை. அடுத்த கடைக்காரரிடம் போய்க் கைமாற்று வாங்குவோம், அவருக்கு முடியாதபோது நாம் கொடுப்போம். ஒரு கடையை மூடிவிட்டு இன்னொருவர் கடையில் சில காலம் நின்றவர்கள், பிறகு தனியாகக் கடை வைத்தவர்கள், இந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர்களிலேயே உண்டு. அவர்களை யாரும் இறங்கிப்போனவர்கள் என்று சொன்னதில்லை. சம்பளக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் நாம் வேறு தராசு வைத்திருக்கிறோம்.

பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாங்களும் டிப்ளோமாவோடு கடைக்கு வந்தவர்கள் என்பதால் சொல்கிறோம். 2,900-ஐயும் 4,500-ஐயும் பார்த்து மனம் சுருங்க வேண்டாம். இந்த வேலைக்கென்று இன்ன பட்டம்தான் வேண்டும் என்று இல்லை. வாடிக்கையாளர் சேவையில், செயலியைச் சோதிக்கும் பிரிவில், கடைகளைச் செயலியில் சேர்க்கும் பிரிவில் வேலை பார்த்துவிட்டு உள்ளுக்குள்ளேயே புராடக்ட் பக்கம் மாறியவர்கள் இருக்கிறார்கள். தினமும் இருநூறு புகார் கேட்டவருக்கு எது உடைந்திருக்கிறது என்று தெரியும். நேர்முகத்துக்குப் போகும்போது, எதைக் கட்டினேன் என்பதோடு எதை வேண்டாம் என்று நிறுத்தினேன், அதனால் எவ்வளவு மிச்சமாயிற்று என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். வாப்பாவின் கடையில் விடுமுறைக்கு நின்றதைச் சொல்ல வெட்கப்படுகிறீர்கள். எந்த நோட்டு எந்த வாரத்தில் தீரும் என்று பதினாறு வயதில் கணித்ததைச் சொன்னால், கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஹலாலான சம்பாத்தியம் பற்றியும் கேட்டார்கள். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' சேவைகளில் தாமதக் கட்டணத்தை எவ்வளவு வைப்பது, எப்படி நினைவூட்டுவது என்பதையும் ஒரு புராடக்ட் மேனேஜர்தான் வகுக்கிறார். கடன், வட்டி சார்ந்த பொருளுக்குப் பொறுப்பேற்கச் சொன்னால் என்ன செய்வது என்பது ஆலிம்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, எங்களிடம் இல்லை. நாங்கள் சொல்வது, வேலையில் சேருவதற்கு முன்னால் கேளுங்கள் என்பதுதான். சேர்ந்து, வீட்டுக் கடனும் எடுத்த பிறகு கேட்டால், நமக்குப் பிடித்த பதிலைத்தான் தேடுவோம்.

பெண் பிள்ளைகள் இந்த வேலையில் நன்றாக வருகிறார்கள். அவர்களைப் பெண் கேட்டு வருகிறவர்கள் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு இரவுக் கூட்டம் இருக்குமா என்றும் கேட்கிறார்கள். மகனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இதை நிறையச் சொல்லலாம், நேரம் இல்லை.

செயற்குழு ஒரு காரியத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு சங்க அலுவலகத்தில் இந்தத் துறையில் உள்ள நம் பிள்ளைகள் நான்கு பேர் உட்காருவார்கள். வேலைக் கடிதம் வந்தவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கொண்டுவரலாம். அடிப்படை எவ்வளவு, போனஸ் போன ஆண்டு உண்மையில் எத்தனை விழுக்காடு கொடுத்தார்கள், பங்கு எப்போது கைக்கு வரும், அறிவிப்புக் காலம் எத்தனை மாதம், ஆட்குறைப்பு பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்கள். வேலை போனவர்களும் வரலாம். அவர்களுக்காகப் பின்வாசல் திறந்திருக்கும் என்று செயலாளர் சொன்னார். முன்வாசல் வழியாகவே வரட்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

 வெளியே தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது.